காற்றாடி அண்ணன்

வண்ணாரப்பேட்டை மொட்டை மாடிகளில் காற்றாடி சீசன் வந்துவிட்டால், டீல் போட்டு எங்கள் பக்கத்து வீட்டு அண்ணனை ஜெயிக்க ஆள் கிடையாது. 1974 என்று ஞாபகம். அவருக்கு பதினேழு வயது, எனக்கு பன்னிரண்டு. அந்த வருஷம்தான் மாஞ்சா நூல் அவர் விரலில் நிற்காமல் நழுவ ஆரம்பித்தது.

சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. அவருடைய அம்மா பின்னால் இருந்து கூப்பிட்டால் திரும்பவில்லை. போகப்போக முகம் தொய்ந்தது, பேச்சு குழறியது, தண்ணீர் குடித்தால் புரையேறியது. வேப்பிலை அடித்தார்கள், தாயத்து கட்டினார்கள். இளம்பிள்ளை வாதம் என்றார் ஒரு பெரியவர். அதில் காது எப்படிப் போகும் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

நான் ரிட்டையர் ஆன பிறகுதான், டாக்டராக இருக்கும் என் தங்கை மகள் வியாதியின் பெயரைச் சொன்னாள். "நம்ம ஊர் பேர்லயே இருக்கு மாமா. மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்."

1970-இல் டாக்டர்கள் மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி மூவரும் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்களாம். ராமமூர்த்தி என்றால், நம் பெரியாஸ்பத்திரியில் நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியவரேதான். தசையை இயக்கும் நரம்பு செல்கள் செத்துப்போகும் வியாதி பொதுவாக ஐம்பது வயதுக்கு மேல் வந்து, சில வருஷங்களில் ஆளை முடித்துவிடும். இதுவோ இளவயதில் வருகிறது, காதையும் கெடுக்கிறது, ஆனால் மெதுவாகத்தான் நகர்கிறது. தென்னிந்தியர்களிடம்தான் அதிகம். அண்ணனும் நாற்பத்தெட்டு வயது வரை இருந்தார்.

கண்ணை அசைக்கும் தசைகள் மட்டும் இந்த வகை வியாதிகளில் பெரும்பாலும் தப்பித்துவிடுமாம். கண்ணசைவும் கெட்டிருந்தால் டாக்டர்கள் வேறு வியாதியாக இருக்குமோ என்று தேடுவார்களாம். அது எனக்கு முன்பே தெரியும் என்றேன். மாடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தால், நூலை எப்போது விடுவது, எப்போது இழுப்பது என்று அண்ணன் கண்ணாலேயே சொல்லுவார், நான் விடுவேன்.

இதைப் போலவே காதும் நரம்பும் கெடும் இன்னொரு வியாதியில், ரைபோஃப்ளேவின் என்ற பி2 வைட்டமினை நிறையக் கொடுத்தால் பலர் தேறுகிறார்களாம். "அண்ணனுக்குக் கொடுத்திருந்தால்?" என்று கேட்டேன். "இப்போ எப்படி மாமா சொல்றது" என்றாள்.

அவளிடம் சொல்லாத ஒன்று உண்டு. ஒருநாள் அவர் எதிரிலேயே கூட்டாளியிடம், "செவிடுக்கு என்ன தெரியும்" என்றேன். அண்ணன் அப்போது என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.