நடுக்கம் யாருக்கு?

தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குப் போகிற வழியில் ஐந்து ஆறுகள். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி. சனிக்கிழமை தவறாமல் அக்காவைப் பார்க்க இந்த ஐந்து பாலங்களையும் மோட்டார் சைக்கிளில் தாண்டுகிறவன் நான். சாலை முடிந்து பாலம் தொடங்கும் இடத்தில் ஒரு குலுக்கல் இருக்கும். அதை வைத்தே எந்த ஆறு என்று சொல்லிவிடுவேன்.

போன தை மாதம் அந்தக் குலுக்கல் ஒன்றோடு நிற்க மறுத்தது. முன்பக்கம் மூன்று நான்கு முறை எழுந்து எழுந்து விழுந்தது. பிரேக்கைப் பிடித்தால் குப்புறக் கவிழ்வது போல் தாழ்ந்தது.

அதே மாதம் காபி டம்ளரும் என் கையில் லேசாக ஆடத் தொடங்கியிருந்தது. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டாள் என் மனைவி.

"நடுக்கம் வண்டிக்கில்லே, உங்களுக்குத்தான். அறுபத்தெட்டு வயசிலே என்ன பைக் வேண்டியிருக்கு? வித்துப்பிடுங்கோ."

எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. விற்றுவிட்டால் பஸ் இருக்கிறது. ஆனால் என் சோம்பலை நான் அறிவேன். பஸ் என்றால் வாராவாரம் போகமாட்டேன். அக்காவுக்கோ எண்பது வயது.

ஒரு பட்டறையில் காட்டினேன். கைப்பிடிக் கழுத்திலுள்ள கோன்செட்டை இறுக்கிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு மெதுவாகப் போனாலே வண்டி கள் குடித்தவன் மாதிரி இருபக்கமும் அலைந்தது.

கடைசியில் வயதான மெக்கானிக் பாய் ஒருவரிடம் போனேன். இறுக்கியதை முதலில் அளவாகத் தளர்த்தினார். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார்.

"இதிலே ஆட்டம் இருந்தா கழுத்தோ புஷ்ஷோ தேஞ்சிருக்கும். ஒண்ணுமில்லே."

பிறகு வண்டியை இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்தபடியே கைப்பிடியை அழுத்தி விட்டார். "நல்ல ஃபோர்க்னா ஒரு தடவை எழுந்து நின்னுடும். இதைப் பாருங்க." அது தொட்டில் மாதிரி ஆடிற்று. "ஸ்பிரிங் சுமக்கும். அடக்கறது எண்ணெய்ங்க."

உள்ளேயிருக்கும் எண்ணெய் சிறு துளைகளின் வழியே நெருக்கிக்கொண்டு போகவேண்டும். அந்தச் சிரமத்தில்தான் ஸ்பிரிங்கின் துள்ளல் அடங்குகிறது. 1935-இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனி இத்தகைய ஃபோர்க்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் செய்த புல்லட்டிலும் அதே தத்துவம்தான். என் வண்டியின் பெயர் வேண்டாம். குற்றம் அதன் மேல் இல்லை.

பாய் அடித்திருகுகளைக் கழற்றினார். வலது காலிலிருந்து ஒரு டம்ளர் கறுத்த எண்ணெய் வந்தது. இடது காலிலிருந்து அரை டம்ளர்கூட வரவில்லை. வந்ததும் நீர்மோர் மாதிரி வெளுத்திருந்தது.

"தண்ணியிலே விட்டீங்களா?"

ஐப்பசி மழையில், வெட்டாற்றங்கரையில் முழங்காலுக்கு மேல் நின்ற தண்ணீரில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனது நினைவுக்கு வந்தது. அதற்கு முன்பே, குறுவை அறுப்பின்போது, ரோட்டில் பரப்பியிருந்த வைக்கோலின் தூசு ஆயில் சீலின் விளிம்பை அரித்திருக்கிறது. எண்ணெய் வெளியேறிய வழியாகவே தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. குழாயைச் சுற்றி ஓர் எண்ணெய் வளையம் தெரிந்ததுதான். அழுக்கு என்று வாராவாரம் துடைத்துக்கொண்டிருந்தேன்!

புது சீல் போட்டு, இரண்டு கால்களிலும் ஒரே அளவாக எண்ணெயை அளந்து ஊற்றினார். "கூடுதலா ஊத்தினா கல்லு மாதிரி ஆயிடும்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை ஐந்து பாலங்களிலும் வண்டி ஒருமுறை குலுங்கி அடங்கிற்று. ஜயித்துவிட்ட தோரணையில் அக்கா வீட்டு ஊஞ்சலில் உட்கார்ந்தேன். காபி கொடுத்தாள். டம்ளர் ஆடிற்று.

"என்னடா அம்பி?"

"வண்டி சரியாயிடுத்து, அக்கா."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. வண்டி தன் பங்கை ஒப்புக்கொண்டுவிட்டது, மிச்சம் என்னுடையது. துடைத்துவிட்டுப் போகக் கூடாது என்று தெரிந்துகொண்டேன். திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்கிறேன்.

இரண்டாவது காபியை அக்கா முக்கால் டம்ளர்தான் ஊற்றினாள்.