ரைன் நதிக்கரையில் – 7: லாகர் ஏரியின் கிழக்குக் கரை

ஆண்டர்நாக் ஊரின் குளிர்நீர் ஊற்று அறுபது மீட்டர் உயரத்துக்குப் பீறிட்டதைச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அந்தத் தண்ணீரை மேலே தள்ளும் கரியமில வாயு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விதான் எங்களை ஐஃபல் மலைப்பகுதிக்கு இழுத்து வந்தது.

லாகர் ஏரிக்கு வருகிறவர்களில் பலர் 1093இல் தொடங்கிய மரியா லாக் மடாலயத்தைப் பார்த்துவிட்டு, காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். கிழக்குக் கரைவரை நடக்காமல் போவது பெரிய இழப்பு. அங்கே மர வேர்களையொட்டி முழங்காலளவு தண்ணீர். அடியில் கிடக்கும் கூழாங்கற்களின் இடுக்கிலிருந்து குமிழிகள் சரம்சரமாக ஏறி வந்து உடைகின்றன. குனிந்து கையை விட்டேன், சில்லென்றிருந்தது. கந்தக வாடை துளியும் இல்லை. இதற்கடியில் எரிமலை இருக்கிறது என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன் இங்கே நிலம் வெடித்தது. சாம்பல் வடக்கே சுவீடன் வரைக்கும், தெற்கே இத்தாலி வரைக்கும் போயிருக்கிறது. வெளியே கொட்டிய குப்பைகூளம் ரைன் நதியையே அடைத்து நிறுத்தியது. பாறைக்குழம்பு வெளியேறியதால் உள்வாங்கிய பள்ளத்தில்தான் இந்த ஏரி நிற்கிறது.

உடன் வந்த நண்பர் புவியியற்பியல் படித்தவர். ஏரியின் அடித்தரையை எப்படி ஆராய்கிறார்கள் என்று மடிக்கணினியில் காட்டினார். படகில் எதிரொலிமானியைக் கட்டி, வயலை உழுவதுபோல் சால்சாலாக ஏரி முழுக்கப் போய்வருகிறார்கள். வாயுக் குமிழியில் பட்ட ஒலி பலமாகத் திரும்புகிறது. மீனும் ஒலியைத் திருப்பத்தான் செய்யும். ஆனால் திரையில் குமிழியின் தடம் தரையிலிருந்து மேல்நோக்கிச் சாய்ந்து ஏறுகிறது. மீனின் தடம் அப்படி ஏறுவதில்லை. ஐம்பது மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திலிருந்து எழுந்த அந்தக் கோடுகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கரையில் நாங்கள் கண்டது அவற்றில் கொஞ்சம்தான்.

குமிழியில் கரியமில வாயுவோடு சிறிதளவு ஹீலியமும் வருகிறது. அதன் ஐசோடோப்பு விகிதத்தை அளந்தவர்கள், இது புவி மேலோட்டுக்கும் கீழே மூடகத்திலிருந்து வருவது என்கிறார்கள்.

1986இல் கேமரூனின் நியோஸ் ஏரியிலிருந்து வெளிப்பட்ட இதே வாயு சுமார் 1,700 பேரைக் கொன்றது நினைவுக்கு வந்தது. இங்கே அப்படி நேராது என்றார் நண்பர். குளிர்காலத்தில் மேல்நீரும் அடிநீரும் கலந்துவிடுவதால் வாயு அடியில் தேங்குவதில்லை.

அதற்காக இதை அணைந்துபோன எரிமலை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. 2013 முதல் இப்பகுதியில், பத்து கிலோமீட்டருக்கும் கீழே, மெதுவாக அதிரும் நுண் நிலநடுக்கங்கள் பதிவாகின்றன. ஆழத்தில் பாறைக்குழம்பு நகர்வதன் அடையாளம் அது. உடனே வெடிக்கும் என்பதற்கு எந்த அறிகுறியும் இல்லை. ஆனாலும் சுற்றிலும் நில அதிர்வுமானிகளை வைத்துக் கவனிக்கிறார்கள்; அந்தச் செலவில் ஒரு காசுகூட வீண் இல்லை.

அடுத்த இதழில், மெண்டிக் ஊரின் அடியில் எரிமலைக் கல்லைக் குடைந்த நிலவறைகளுக்குள் இறங்குவோம்.