உதிராத கொம்பு

நிஜாம் வேட்டையாடிய நிலத்தில், துப்பாக்கி இல்லாமல் ஒரு மானைத் தொடர்ந்த காலை

“சாபி” என்றார் வனக் காவலர், உதடு மட்டும் அசைய. எனக்குப் புரியவில்லை. என் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். விடுதி அறைச் சாவி அதன் வளையத்தோடு ஒவ்வோர் அடிக்கும் உரசிக்கொண்டிருந்தது. எனக்குக் கேட்காத சத்தம். முந்நூறு அடி தள்ளி மேய்ந்துகொண்டிருந்த கூட்டத்துக்குக் கேட்டுவிட்டது. பதினைந்து தலைகள் ஒன்றாக நிமிர்ந்தன. ஒரு பெண் மான் நின்ற இடத்திலிருந்தே அந்தரத்தில் எழும்பியது. அதைப் பார்த்து இன்னொன்று. சிறிது நேரம் புதர்களுக்கு மேல் முதுகுகள் தெரிந்து தெரிந்து மறைந்தன. பிறகு வெறும் புல்.

மானைப் பதுங்கித் தொடரும் கலையில் என் முதல் பாடம் இப்படி ஐந்தே நிமிடத்தில் முடிந்தது. காவலர் சிரிக்கவில்லை. “எல்லோருக்கும் முதல் தடவை இப்படித்தான் சார்” என்றார் தெலுங்கும் இந்தியும் கலந்து.

இடம், ஹைதராபாத்தின் கிழக்கு விளிம்பில் விஜயவாடா நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள மகாவீர் ஹரிண வனஸ்தலி தேசியப் பூங்கா. எல்.பி. நகர் மெட்ரோ நிலையத்திலிருந்து ஆட்டோ பிடித்தால் போதும். ஒரு பக்கம் லாரிப் பட்டறைகள் நிறைந்த ஆட்டோ நகர், மறுபக்கம் வனஸ்தலிபுரத்தின் குடியிருப்புகள். நடுவே சுமார் 3,600 ஏக்கர் புல்லும் முள்ளும். ஒரு காலத்தில் நிஜாமின் வேட்டைக் களம். மகாவீரரின் 2,500ஆவது நிர்வாண ஆண்டை ஒட்டி, 1975இல், மான்களின் காப்பிடமாகி அவர் பெயரைப் பெற்றது. கொல்லாமையைப் போதித்தவரின் பெயர் ஒரு வேட்டைக் களத்துக்கு. இதைவிடப் பொருத்தமான பிராயச்சித்தம் கிடைத்திருக்காது. 1994இல் தேசியப் பூங்காவாயிற்று.

இங்குள்ள மானைத் தெலுங்கில் கிருஷ்ண ஜிங்கா என்கிறார்கள். தமிழில் அதற்குப் பெயர்ப் பஞ்சமே இல்லை. வெளிமான், புல்வாய், இரலை. தொல்காப்பிய மரபியல் புல்வாயின் ஆணுக்கு இரலை, கலை என்றும், பெண்ணுக்குப் பிணை என்றும், குட்டிக்கு மறி என்றும் தனித்தனிப் பெயர் தருகிறது. எம்.ஏ. தேர்வுக்காக இவற்றையெல்லாம் மனப்பாடம் செய்தேன். ஆனால் உயிருள்ள இரலையை நான் நின்று பார்த்ததில்லை. நாற்பதைத் தாண்டிய தமிழ் முதுகலைக்காரன் ஒருவன் அதற்காக ஹைதராபாத் வரவேண்டியிருந்தது.

இத்தனைக்கும் அந்த மானின் கொம்பு எங்கள் வீட்டிலேயே இருந்தது. தூத்துக்குடி மாவட்டத்தில் வல்லநாட்டுப் பக்கம் எங்கள் ஊர். 1987இல் வெளிமான் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட மலை கூப்பிடு தூரம். முன் கூடத்துச் சுவரில் திருகு திருகாக ஒரு ஜோடிக் கொம்பு. என் பள்ளிக்கூடப் பையை அதில்தான் மாட்டுவேன். “ஏது தாத்தா இது?” என்று கேட்டால், “காட்ல கெடந்துச்சுடே, எடுத்துட்டு வந்தேன்” என்பார். தாத்தா காலமான பிறகு அப்பா அதைக் கொண்டுபோய் வனத்துறையிடம் ஒப்படைத்துவிட்டார். ஆணி மட்டும் இன்னும் சுவரில் இருக்கிறது.

கடந்த டிசம்பரில் ஒரு மொழிபெயர்ப்பு வேலையாக ஹைதராபாத்தில் தங்கியிருந்தேன். பழைய நகரத்தில் வசிக்கும், எண்பதைக் கடந்த ஒரு பெரியவரின் நினைவுக் குறிப்புகள். 1960களில் உரிமம் பெற்று வேட்டையாடியவர். 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த அன்றோடு துப்பாக்கியை எடுத்து வைத்துவிட்டதாகச் சொன்னார். வேட்டைப் பகுதியை மொழிபெயர்க்க உட்கார்ந்தபோது பாதி வரிகள் எனக்குப் பிடிபடவில்லை. “பேட்டா, இதை அகராதியில் தேடாதே. போய் ஒரு மானின் பக்கத்தில் நட” என்றார். பாடமும் அவரே நடத்தினார்.

மானை நோக்கி நேராக நடக்காதே, குறுக்காகப் போவதுபோல நட. காற்று அதன் பக்கமிருந்து உன் முகத்தில் அடிக்க வேண்டும். அது மேயும்போது நகரு, தலை தூக்கினால் அப்படியே நில், ஒரு கால் அந்தரத்தில் இருந்தாலும் சரி. முக்கியமாக, அதன் கண்ணை உற்றுப் பார்க்காதே.

பிறகு மாட்டு வண்டியைப் பற்றிச் சொன்னார். வெட்ட வெளியில் மேயும் மான், மனிதனை வெகு தூரத்திலேயே கண்டுகொள்ளும். ஓடத் தொடங்கினால் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் வரை போகும். ஆனால் வயலுக்குப் போகும் மாட்டு வண்டி அதற்குப் பழகிய காட்சி. வேட்டைக்காரன் வண்டியின் மறுபுறம் ஒளிந்து நடப்பான். வண்டி வட்டமடித்து வட்டமடித்து நெருங்கும். மொகலாயர் காலத்திலிருந்து சமஸ்தானங்கள் வரை சிவிங்கிப் புலிகளைப் பழக்கி மான் வேட்டைக்கு அனுப்பியபோதும், கண்ணைக் கட்டி, மாட்டு வண்டியில்தான் அழைத்துச் சென்றார்கள். ஆறாம் நிஜாம் மகபூப் அலி கானின் வேட்டை முகாம்களை ராஜா தீன் தயாள் எடுத்த படங்கள் இன்றும் இருக்கின்றன. சிவிங்கிப் புலிதான் இல்லாமல் போனது. 1952இல் இந்தியாவில் அது அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. இப்போது மத்தியப் பிரதேசத்தின் குனோவில் இருப்பவை 2022 முதல் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்தவையும் அவற்றின் வாரிசுகளும்.

சாவியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு இரண்டாவது முறை கிளம்பினோம். காவலர் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து விரலிடுக்கில் உதிர்த்தார். புழுதி எங்கள் பின்னால் சாய்ந்தது. நல்ல காற்று. நடைபாதையை விட்டு இறங்கக் கூடாது என்பது பூங்காவின் விதி. பாதை எங்கே வளைகிறதோ அங்கேதான் நாங்களும் வளைய முடியும்.

கால்மணி நேரத்தில் காவலர் நின்றார். பாதையோரத்தில் புழுக்கைக் குவியல். பழையதன் மேல் புதியது. “இது ஒரு ஆணின் எல்லை. திரும்பத் திரும்ப இங்கேயே வந்து போடும். தள்ளிப் போயிருக்காது.” இத்தனை நேரம் வெறும் தரையாக இருந்தது எனக்கு இப்போது ஒருவருடைய வீட்டு வாசலாயிற்று. குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

முதலில் தெரிந்தது கொம்புதான். காய்ந்த புல்லுக்கு மேல் இரண்டு கறுப்புத் திருகுகள். நாங்கள் நின்றோம். கொம்புகள் தாழ்ந்தன, பத்து அடி நடந்தோம். உயர்ந்தன, நின்றோம். இப்படி எத்தனை முறை என்று எண்ணவில்லை. ஒரு முறை இடது கால் தரையில் படுமுன் அது தலை தூக்கிவிட்டது. தொடை நடுங்க, ஒற்றைக் காலில் நின்றேன். நெற்றியில் ஈ உட்கார்ந்தது, விரட்டவில்லை. அலுவலகம், கெடு தேதி, வங்கிக் கடன் எதுவும் அந்த நேரத்தில் எனக்கு இல்லை. வேட்டைக்காரர்கள் இந்தப் போதைக்குத்தான் அலைந்தார்களோ என்று பிறகு தோன்றியது. விசையை அழுத்தும் அந்தக் கணம் வரை அவர்கள் செய்ததும் நான் செய்ததும் ஒன்றுதான்.

எழுபது அடி இருக்கும். புதர் விலகியது. முதுகும் கழுத்தும் கரி, வயிறு வெள்ளை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். காதுகளைத் தாழ்த்தி, மூக்கை வானத்துக்குத் தூக்கி, வாலைச் சுருட்டி நின்றது. கொம்பு முதுகை நோக்கிச் சாய்ந்தது. அந்தக் கொம்பின் ஒவ்வொரு வளையமும் எனக்குப் பரிச்சயம். பையை மாட்டும்போது விரலால் வருடிய வளையங்கள். அதற்குக் கீழே ஒரு முகம் இருக்கும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

எவ்வளவு நேரம் பார்த்தோமோ, அதுவாகவே திரும்பி நடந்து போயிற்று. ஓடவில்லை. காவலர் என் தோளைத் தட்டினார். நல்ல சான்றிதழ்.

திரும்பும் வழியில் தாத்தாவின் கொம்பைப் பற்றிச் சொன்னேன், காட்டில் கிடந்து எடுத்தது என்றும். அவர் சற்று யோசித்தார். “புள்ளிமானாக இருந்தால் சரி சார். அதன் கொம்பு வருஷத்துக்கு ஒருமுறை உதிரும், புதிதாக முளைக்கும். இதற்கு உதிராது.” இரலையின் கொம்பு ஆடு மாட்டின் கொம்பைப் போல. மண்டையோட்டிலிருந்து வளரும் எலும்பு, மேலே நகம் போன்ற உறை. சாகும்வரை ஒரே கொம்பு. சுவரில் ஒரு ஜோடி இருந்தால் ஒரு மான் செத்திருக்கிறது என்று பொருள். என் முகம் மாறியதைக் கவனித்திருப்பார் போலும். “செத்துக் கிடந்ததிலிருந்து எடுத்திருக்கலாம் சார்” என்று சேர்த்துக்கொண்டார்.

வாயிலருகே பார்வையாளர்களை ஏற்றிக்கொண்டு ஒரு வேன் புறப்பட்டது. சிறிது நேரத்தில் அது ஒரு கூட்டத்தின் பக்கத்திலேயே போய் நின்றது. குழந்தைகள் கத்தின, செல்போன்கள் ஜன்னலுக்கு வெளியே நீண்டன. மான்கள் தலைகூடத் தூக்கவில்லை. வேன்தான் இன்றைய மாட்டு வண்டி. நடந்து வரும் மனிதனை மட்டும் அவை இன்னும் நம்பவில்லை. ஐம்பது ஆண்டுக்கு மேலாக இங்கே துப்பாக்கிக்கு இடமில்லை. ஆனாலும் அந்த அச்சம் போகவில்லை.

குறை சொல்லவும் முடியாது. நிஜாமுக்காக ஒதுக்கி வைத்ததால்தான் இந்த நிலம் பிழைத்தது. ஒதுக்காத நிலங்கள் என்ன ஆயின என்பதைச் சுற்றிலும் எழும்பிய கட்டடங்கள் சொல்கின்றன. நகரின் மறுகோடியில், ஹைதராபாத் பல்கலைக்கழகத்தை ஒட்டிய கஞ்சா கச்சிபவுலியின் 400 ஏக்கரில் 2025இல் புல்டோசர்கள் இறங்கின. மாணவர்கள் போராடி, உச்ச நீதிமன்றம் ஏப்ரல் 3 அன்று தலையிட்ட பிறகே மரம் வெட்டுவது நின்றது. அங்கும் மான்கள் உண்டு, புள்ளிமான்கள். 2014இல் மாநிலம் பிரிந்தபோது தெலங்கானா மாநில விலங்காகத் தேர்ந்தெடுத்தது அவற்றைத்தான். இரலை ஆந்திரத்தின் மாநில விலங்காகத் தொடர்கிறது. வனஸ்தலியின் இரலைகளுக்கு எந்த மாநிலமானாலும் ஒன்றுதான். வேலிக்கு அப்பால் போக அவற்றுக்கு இடமில்லை.

அன்றிரவு பெரியவரின் வேட்டை அத்தியாயத்தை மறுபடி எடுத்தேன். பிடிபடாத வரிகள் பிடிபட்டன. ‘மூச்சைக் கடன் வாங்கி நின்றேன்’ என்று அவர் எழுதியிருந்ததை, முன்பு மிகை என்று நினைத்து வெட்டியிருந்தேன். திரும்பச் சேர்த்தேன்.

பிறகு ஊருக்குப் போன் செய்தேன். கொம்பு உதிராதாம் என்று அப்பாவிடம் சொன்னேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“தெரியும்டே” என்றார். “தாத்தாகிட்ட ஒரு துப்பாக்கி இருந்துச்சு. நீ பொறக்கறதுக்கு முன்னாடியே வித்துட்டாரு. ஏன்னு ஒரு நாளும் சொல்லல.”