நோன்பும் ஒரு மாணவியின் நோயும்

நஃபில் நோன்புகளை மிகுதியாக நோற்ற மாணவியொருத்தியை நாம் வகுப்பிலேயே பாராட்டியதுண்டு. நோன்பு திறந்தபின் அளவின்றி உண்டு, கழிவறையில் விரலிட்டு அவள் வாந்தியெடுப்பதைத் தாயார் அழுதபடி கூறியபோதுதான் நம் பேதைமை விளங்கிற்று. ஓதிப்பார்க்கவே கேட்டார். துஆச் செய்தோம், மனநல மருத்துவரிடமும் அனுப்பினோம்.

இது புலிமியா என்னும் நோய். வாந்தியால் பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்பே பிறழக்கூடுமாதலால் முதலில் இரத்தப் பரிசோதனை. பின்னர் வாரந்தோறும் பேச்சுச் சிகிச்சை: வேளை தவறாது உண்ணல், உண்டதையும் அப்போதைய மனநிலையையும் எழுதிவைத்தல். பதின்வயதினராயின் பெற்றோரும் உடனமர்வர். சிலருக்கு ஃபுளுவாக்ஸெடின் மாத்திரையும் தருவதுண்டு.

நோயாளிக்கு நோன்பில் சலுகையுண்டென ஆண்டுதோறும் பாடம் நடத்தும் நாமே இதனை நோயென்று அறியாதிருந்தோம். இந்த ரமளானில் நோன்பு வேண்டாமென்றார் மருத்துவர்.

"ஊரார் கேட்டால் என்ன சொல்ல, ஹஜ்ரத்?" என்றார் தாயார்.

"நாம் சொன்னதாகச் சொல்லுங்கள்" என்றோம்.