தண்ணியில கண்டம்

என் ஜாதகத்தில் ‘நீரில் கண்டம்’ என்று எழுதியிருக்கிறது. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. நம்மூரில் பாதிப் பேருக்கு அப்படித்தான் எழுதியிருக்கும், மீதிப் பேருக்கு நெருப்பிலோ வண்டியிலோ இருக்கும். ஆனால் எங்கள் வீட்டில் அம்மா அதைச் சட்டமாகவே எடுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் குற்றாலம் டூர் போனபோது நான் வீட்டில் இருந்தேன். மெரினாவுக்குப் போனால் கணுக்கால் நனைகிறவரைதான் அனுமதி. அப்போதும் அம்மா பின்னால் நின்று என் துப்பட்டாவின் ஒரு முனையைக் கையில் சுற்றி வைத்திருப்பாள்.

நானும் தம்பியும் வருடக்கணக்கில் அம்மாவைக் கேலி செய்திருக்கிறோம். அது நின்றது பாட்டியின் பதினாறாம் நாள் காரியத்தன்று. பந்தி முடிந்து வெற்றிலை போட்டபடி பெரியம்மாதான் பேச்சுவாக்கில் சொன்னாள். அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்திருக்கிறான்.

மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். ஐப்பசி மழையில் குளம் நிரம்பியிருந்தது. ஐந்து பையன்கள் குளிக்கப் போனார்கள், நாலு பேர் திரும்பி வந்தார்கள். அவன் முன்னாடியே வீட்டுக்குப் போயிருப்பான் என்று அந்த நாலு பேரும் நினைத்துக்கொண்டார்கள். அவன் இன்னும் குளத்தில் ஆட்டம் போட்டுக்கொண்டிருப்பான் என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் தேட ஆரம்பித்தார்கள். படித்துறையில் அவன் சட்டை மடித்து வைத்தபடி இருந்தது. அவனுக்குப் பன்னிரண்டு வயது, அம்மாவுக்குப் பதினைந்து.

இந்தியாவில் ஆண்டுக்கு 30,000 பேருக்கு மேல் நீரில் மூழ்கி இறக்கிறார்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் சொல்கின்றன. குளமும் கிணறும் வாய்க்காலும் ஏரியும் வீட்டு வாசலிலேயே இருக்கிற ஊரில் ஜோசியர் ‘நீரில் கண்டம்’ என்று எழுதுவதற்குக் கிரகங்களைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

முப்பத்தொரு வயதில் நான் நீச்சல் கற்றுக்கொள்ளச் சேர்ந்தேன். வீட்டில் சொன்னபோது அம்மா சண்டை போடவில்லை. கீரை ஆய்ந்துகொண்டே ஒன்று மட்டும் சொன்னாள்: “அவனுக்கும் நீச்சல் தெரியும்டி.”

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

காலை ஆறு மணிக்குப் பெண்களுக்கான பேட்ச். மாஸ்டர் முதல் வாரம் முழுக்கக் கையையும் காலையும் தொடவே இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீரில் வைக்கணும், மூச்சை வெளியே விடணும், அவ்வளவுதான். பயந்த உடம்பு மூச்சை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். பழைய காற்று வெளியே போகாமல் புதுக் காற்று வருவதற்கு இடமில்லை. தலையைத் தூக்குகிற அரை நொடியில் விடுவதையும் இழுப்பதையும் சேர்த்துச் செய்யப் பார்த்தால் இரண்டுமே நடக்காது, திணறும். “இழுக்கிறது தானா நடக்கும்மா, நீ விடுறத மட்டும் பாரு” என்பார் மாஸ்டர். எனக்கு அது பிடிபட நாற்பது நாள் ஆனது. ஒரு வருடத்தில் நிற்காமல் இரண்டு கிலோமீட்டர் போகிற அளவுக்கு வந்துவிட்டேன்.

கடலில் நீந்த வேண்டும் என்ற ஆசை ஹாயோஷைப் பற்றிப் படித்ததிலிருந்து வந்தது. 1896இல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் நீச்சல் போட்டிகளுக்குக் குளமே கிடையாது. ஸீயா விரிகுடாவில், ஏப்ரல் மாதக் குளிரில், கடலிலேயே நடத்தினார்கள். படகில் ஏற்றிக்கொண்டு போய்த் தண்ணீரில் இறக்கி விடுவார்கள், கரையை நோக்கி நீந்தி வர வேண்டும். ஹங்கேரியிலிருந்து வந்த ஆல்ஃப்ரெட் ஹாயோஷ் என்கிற பதினெட்டு வயதுப் பையன், குளிருக்காக உடம்பெல்லாம் கொழுப்பைப் பூசிக்கொண்டு 100 மீட்டரிலும் 1200 மீட்டரிலும் ஜெயித்தான். ஜெயிக்கணும் என்பதைவிட உயிரோடு கரை சேரணும் என்பதுதான் மனசில் இருந்தது என்று பிற்பாடு சொல்லியிருக்கிறார். அவருக்குப் பதின்மூன்று வயதானபோது அவருடைய அப்பா டான்யூப் ஆற்றில் மூழ்கி இறந்துபோனார். அதற்கப்புறம்தான் நன்றாக நீந்தக் கற்றே தீர்வது என்று இறங்கியிருக்கிறார். ஹாயோஷ் என்பது அவராக வைத்துக்கொண்ட பெயர், ஹங்கேரிய மொழியில் கடலோடி என்று பொருள். பின்னாளில் கட்டடக் கலைஞராகி புடாபெஸ்டில் ஒரு நீச்சல் அரங்கத்தை வடிவமைத்தார். இன்று அதற்கு அவர் பெயர்தான்.

ஒரே மாதிரி சாவு. ஒரு வீட்டில் அது ஒரு நீச்சல் வீரனை உண்டாக்கியது, இன்னொரு வீட்டில் துப்பட்டா முனையைப் பிடித்து நிற்கும் ஒரு அம்மாவை. இதில் யார் சரி என்று கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை. மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தில் பதினைந்து வயதுப் பெண் குளத்தில் இறங்கி நீச்சல் பழகுகிறேன் என்று சொல்லியிருந்தால் யார் விட்டிருப்பார்கள்?

நம் கடலிலும் இப்படிப்பட்டவர்கள் இருந்திருக்கிறார்கள். பாக் நீரிணையை 1954இல் நவரத்தினசாமி நீந்திக் கடந்தார். 1971இல் வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் அங்கிருந்து நீந்தி இந்தியக் கரையைத் தொட்டு நீந்தியே திரும்பினார். 1994இல் குற்றாலீஸ்வரன் கடந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. அந்தப் பன்னிரண்டைப் படித்ததும் எனக்குக் கொஞ்ச நேரம் வேறு எதுவும் ஓடவில்லை. ஆனந்தன் 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது இறந்துபோனார். ஆகவே அம்மாவின் வாக்கியம் அப்படியேதான் நிற்கிறது. நீச்சல் தெரிந்தவர்களும் போய்விடுகிறார்கள்.

நான் பெயர் கொடுத்தது கோவளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு குப்பத்துக் கரையில் நடந்த இரண்டு கிலோமீட்டர் போட்டிக்கு. மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய இரண்டு மாதம் ஞாயிறுதோறும் அங்கே போய்ப் பழகினோம். துணைக்கு ஒரு மீனவ அண்ணா ஃபைபர் படகில் வருவார். குளத்தில் நீந்துகிறவர்களுக்குத் தரையில் கறுப்புக் கோடு இருக்கும், அதைப் பார்த்துக்கொண்டே போனால் போதும். கடலில் கீழே பார்த்தால் பச்சைக் கலங்கல்தான். கையைக்கூடப் பார்க்க முடியாது. பத்து வீச்சுக்கு ஒரு தடவை கண் மட்டும் வெளியே தெரிகிற அளவு தலையைத் தூக்கி முன்னால் பார்த்துக்கொள்ள வேண்டும். தலையை அதிகம் தூக்கினால் இடுப்பு கீழே போய்விடும், வேகம் போய்விடும்.

நான் போகிறேனா, நிற்கிறேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று அண்ணாவிடம் கேட்டேன். கரையைக் காட்டினார்.

“அந்தத் தென்ன மரம் தெரியுதா? அதுக்குப் பின்னாடி தண்ணி டேங்க். ரெண்டையும் சேத்துப் பாரு. ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டிக்கினே இருந்தா நீ நிக்கிற. வெலகுனா போற.”

அவர்கள் வலை போட்ட இடத்தைத் திரும்பக் கண்டுபிடிப்பதும் இப்படித்தானாம். தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்துக்கு அவர்கள் தெண்டி என்று பேர் சொல்கிறார்கள், வடக்கிலிருந்து தெற்கே வந்தால் வன்னி. “மார்ச்சுல தெண்டி கெளம்பிரும். கெழக்க போவப் போவ இழுப்பு ஜாஸ்தி. கரையோரமா வா” என்றார்.

போட்டிக்கு வரமாட்டேன் என்றுதான் அம்மா சொல்லியிருந்தாள். அன்று காலை நாலு மணிக்கு நான் எழுந்து வந்தபோது புடவை மாற்றிக்கொண்டு, பிளாஸ்கில் காபியோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். தம்பி கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான். யாரும் எதுவும் பேசவில்லை.

கரையில் என் இரண்டு கையிலும் மார்க்கர் பேனாவால் 37 என்று எழுதினார்கள். கணுக்காலில் நேரம் குறிக்கும் சிப்பைக் கட்டினார்கள். அக்குளிலும் கழுத்திலும் வாசலின் தடவிக்கொண்டேன். உப்புத் தண்ணீரில் துணி உரசினால் தோல் உரிந்துவிடும். பெண்களுக்கு ஆரஞ்சுத் தொப்பி, ஆண்களுக்கு மஞ்சள். மொத்தம் 58 பேர். தொடங்குவதற்கு முன் பேசியவர் சொன்னதில் பாதி ஒரே விஷயம்தான்: “முடியலேன்னா கையத் தூக்குங்க, படகு வரும். பாதில வெளிய வந்தா, வந்துட்டேன்னு சொல்லாம யாரும் வீட்டுக்குப் போயிராதீங்க. நாங்க எண்ணிட்டு இருப்போம்.” பிறகு ஒரு கயிற்று வாசல் வழியாக ஒவ்வொருவராக உள்ளே விட்டார்கள். வாசலில் ஒரு கல்லூரிப் பெண் அட்டையில் தாளைச் செருகி வைத்து, எண்ணைச் சத்தமாகப் படித்து டிக் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஆறரைக்கு விசில். எல்லாரும் ஓடினோம். அலை உடைகிற இடத்தைத் தாண்டுவதற்குள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து, யாருடைய குதிகாலோ என் முகத்தில் பட்டது. ஒரு பக்கக் கண்ணாடிக்குள் தண்ணீர் ஏறியது. எதிரே சூரியன் அப்போதுதான் எழும்பியிருந்தது. 300 மீட்டரில் கட்டியிருந்த ஆரஞ்சு மிதவையும் சூரியனும் ஒரே நிறம். எதுவும் தெரியவில்லை. நெஞ்சில் ஏதோ இறுகியது. கழுத்துவரை காற்று நிற்கிறது, ஆனால் மூச்சு இல்லை. இதுதானா, கண்டம் என்று எழுதியிருந்தது இதைத்தானா என்று ஒரு கணம் தோன்றியது. மல்லாந்து படுத்தேன். வானம் ரொம்பச் சாதாரணமாக இருந்தது. வாயைத் திறந்து ‘ஆ’ என்று சத்தம் வருகிற மாதிரி மூச்சை வெளியே விட்டேன். அஞ்சு தடவை. பக்கத்தில் ஒரு கயாக் வந்து நின்றது. அதிலிருந்த பையன் என் கையைப் பார்த்து, “முப்பத்தேழு, ஓகேவா?” என்றான். அந்த எண் என்னுடையது என்று புரியவே ஒரு நொடி ஆனது. கட்டை விரலைக் காட்டினேன். அவன் போகவில்லை. நான் திரும்பிக் குப்புறப் படுத்து நீந்தத் தொடங்கிய பிறகுதான் நகர்ந்தான்.

முதல் மிதவையைச் சுற்றித் தெற்கே 700 மீட்டர். தெண்டிக்கு எதிர்த்து. வலது பக்கம் மூச்சு எடுக்கும்போதெல்லாம் கரை தெரிந்தது. தென்னை மரத்துக்குப் பின்னால் டேங்க் மறைந்திருந்தது. இருபது வீச்சு கழித்துப் பார்த்தேன். மறைந்தே இருந்தது. இன்னொரு இருபது. அப்படியேதான். கை ஓய்கிற அளவுக்குப் போட்டும் நான் நின்றுகொண்டிருந்தேன். அண்ணா சொன்ன மாதிரி கரைப் பக்கம், அலை உடைகிற கோட்டுக்குச் சற்று வெளியே, ஒதுங்கிப் போனேன். முழங்கையில் ஏதோ நூல் மாதிரி தொட்டுச் சுரீர் என்றது, சொறி. குளத்தில் பழகுகிறவர்கள் ஜெல்லி மீன் என்று சொல்லும் அதற்குக் கரையில் இதுதான் பேர். எரிச்சலை எண்ணிக்கொண்டே போனதில் மரத்தை மறந்துவிட்டேன். மறுபடி பார்த்தபோது மரத்தின் இடது பக்கத்தில் டேங்கின் விளிம்பு எட்டிப் பார்த்தது.

அந்த விளிம்பைப் பார்த்த சந்தோஷத்தை யாரிடமாவது எப்படிச் சொல்வது என்று இன்றுவரை தெரியவில்லை.

இரண்டாவது மிதவையைச் சுற்றித் திரும்பியதும் நீரோட்டமே தூக்கிக்கொண்டு போனது. ஆனால் இப்போது என் மூச்சுப் பக்கம் கரை இல்லை. வலப்புறம் முழுக்கக் கடல். ஒவ்வொரு மூச்சுக்கும் தொடுவானம், தூரத்தில் ஒரு படகு, அதில் நின்றுகொண்டு எங்களையே பார்க்கும் ஓர் ஆள். அவர் வாய் அசைந்துகொண்டிருந்தது. அவரும் எண்ணிக்கொண்டிருந்திருப்பார்.

ஒரு மணி ஒன்பது நிமிடத்தில் கரை ஏறினேன். 41ஆவது ஆள். குளத்தில் இதே தூரத்துக்கு 52 நிமிடம். கால் மணலில் ஊன்ற மறுத்தது. தம்பி ஓடிவந்து துண்டைப் போர்த்தினான். கூட்டத்தில் அம்மாவைத் தேடினேன். உட்கார நாற்காலி போட்டிருந்த பந்தலில் இல்லை. காரிலும் இல்லை.

கயிற்று வாசலுக்குப் பக்கத்தில் அந்தக் கல்லூரிப் பெண்ணோடு நின்றுகொண்டிருந்தாள். புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, வந்துட்டேன்.”

“பாத்தேன். முப்பத்தேழு. நான்தான் சொன்னேன், இந்தப் பொண்ணு டிக் போட்டுது” என்றாள், என் பக்கம் திரும்பாமல். “இன்னும் பதினஞ்சு பேர் வரணும். ரெண்டு பேரப் படகுல ஏத்திட்டாங்க, அவங்களக் கழிச்சுட்டேன்.”

“காபி குடுக்கிறியாம்மா? குளிருது.”

“பிளாஸ்க் தம்பிட்ட இருக்கு. நீ போய்க் குடி.”

நான் போகவில்லை. துண்டைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். ஒவ்வொரு தொப்பியாக அலையிலிருந்து எழுந்து வந்தது. அம்மா கையில் எழுதியிருந்த எண்ணைப் படித்துச் சொன்னாள், அந்தப் பெண் டிக் போட்டாள். பதினான்கு. பத்து. ஆறு. வெயில் ஏறிவிட்டது. பந்தலில் பதக்கம் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள், மைக்கில் யாரோ பேசினார்கள். அம்மா நகரவில்லை.

கடைசியாக ஒரு பெரியவர் வந்தார். மஞ்சள் தொப்பி, அறுபது வயதுக்கு மேலிருக்கும். தண்ணீர் முழங்காலுக்கு வந்த பிறகும் நீந்திக்கொண்டே இருந்தார். அம்மா தண்ணீருக்குள் நாலடி இறங்கிப் போய், கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். எண்ணைப் படித்தாள். அந்தப் பெண் டிக் போட்டு, பேனாவை மூடினாள்.

அம்மா தாளை ஒரு தடவை வாங்கி மேலிருந்து கீழே விரல் வைத்துப் பார்த்தாள்.

“சரி,” என்றாள், “எல்லாரும் வந்தாச்சு. போலாம்.”