கொதிக்க வச்சாலும் போகாதது

1/ "தண்ணியைக் கொதிக்க வச்சுக் குடிங்க." டாக்டருங்க தினமும் சொல்றதுதான். கிருமிக்கு அது சரி. ஆனா உப்பும் உலோகமும் கொதிச்சா போகாது. தண்ணி வத்த வத்த உப்பு ஏறத்தான் செய்யும்.

2/ எங்க திண்டுக்கல் தோல் ஷாப்கள்ல, பச்சைத் தோல் கெடாம இருக்க உப்பு, பதப்படுத்த குரோமியம். கழிவைச் சரியா சுத்திகரிக்காம விட்டா ரெண்டும் நிலத்தடி நீருக்குப் போகும்.

3/ 1996 ஆகஸ்ட் 28 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒரு ஆய்வைக் குறிப்பிடுது: திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்கள்ல 13 கிராமம், 467 கிணறு. அதுல 350 மாசுபட்டவை. 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்கணும்'ங்கிறது நம்ம நாட்டுச் சட்டத்தோட ஒரு பகுதின்னு சொன்ன தீர்ப்பும் அதுதான்.

4/ அப்போ நான் பிறக்கவே இல்ல. ஆனா தீர்ப்பு வந்ததும் கிணறு தெளிஞ்சிடாது. இதைப் படிச்ச பிறகு, தோல் அரிப்பு, வயித்து வலின்னு வர்றவங்ககிட்ட ஒரு கேள்வி கூடுதலா கேக்குறேன்: "வீட்ல புழங்குறது எந்தத் தண்ணிம்மா? குழாயா, கிணறா, போரா?"

5/ கிணத்துத் தண்ணி உப்புக் கரிச்சா, நிறம் மாறினா, கொதிக்க வச்சு சமாளிக்காதீங்க. குடிக்க வேற தண்ணி எடுங்க. குரோமியம் இருந்தா நாக்குக்குத் தெரியாது. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துல கொடுத்துச் சோதிச்சுப் பாருங்க.