ரம்பப் பல்

இழுவைச் சோதனைக்கு வரும் பிள்ளைகளுக்கு முதலில் பழகுவது மைல்டு ஸ்டீல் கோடுதான். நேராக ஏறும், ஈல்டில் ஒருதரம் சறுக்கும், கொஞ்ச தூரம் படுத்துக் கிடக்கும், பிறகு வழவழவென்று வளைந்து போகும். மூன்று மாதம் அதை மட்டுமே பார்த்த கண்ணோடு நான் 5083 அலுமினியத் தகட்டைக் கிரிப்பில் ஏற்றினேன். ஈல்டு தாண்டியதும் கிராஃப் பேனா ரம்பப் பல் போல ஏறி இறங்க ஆரம்பித்தது. பீஸ் நழுவுகிறது என்று முடிவுகட்டி, ஜாவைப் பிரஷ் போட்டுத் துடைத்தேன், வேறு ஜா மாட்டினேன், இன்னும் இறுக்கினேன். நாலு பீஸ் அறுந்தது. நாலிலும் அதே பல்.

"மிஷினை நோண்டாதே தம்பி, பீஸைப் பாரு" என்றார் எங்கள் பெரியவர். ஜா கடித்த தடத்தைக் காட்டினார். புள்ளி புள்ளியாகச் சுத்தமாக இருந்தது. நழுவியிருந்தால் தடம் இழுபட்டுக் கீறலாகியிருக்கும். பிறகு ஒரு மைல்டு ஸ்டீல் பீஸை அதே ஜாவில் இழுத்தார். பழைய வழவழப்பான கோடு வந்தது.

ஐந்தாவது பீஸை எமரித் தாளில் தேய்த்துப் பளபளப்பாக்கச் சொன்னார். டியூப் லைட்டை அணைத்து, மேசை விளக்கைச் சாய்த்து வைத்தார். இழுக்க இழுக்க, தகட்டின் குறுக்கே சாய்வாக ஒரு மெல்லிய பட்டை தோன்றியது; அடுத்தது இன்னோரிடத்தில். பட்டை விழும்போதெல்லாம் பேனா ஒரு பல் இறங்கியது. எத்தனை நேரம் குனிந்து நின்றேனோ, கழுத்து வலித்தது.

5083-இல் மக்னீசியம் 4 முதல் 4.9 சதவீதம். உலோகம் நீளும்போது படிகத்துக்குள் பிறழ்ச்சிகள் நகர்கின்றன. அவை தடையில் நின்று காத்திருக்கும் சிறு நேரத்துக்குள் மக்னீசிய அணுக்கள் வந்து அப்பிக்கொள்கின்றன. பிய்த்துக்கொள்ளக் கூடுதல் விசை வேண்டும். பிய்ந்ததும் ஒரு பட்டை முழுதும் சட்டென நீள, லோடு விழுகிறது. ஸ்டீலில் இருக்கும் கரி அணு அறை வெப்பத்தில் அவ்வளவு வேகமாக ஓடாது. 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் இழுத்துப் பாருங்கள், அங்கேயும் பல் முளைக்கும். 1923-இல் இதை எழுதிய போர்ட்வான், லெ ஷாத்தலியே இருவரின் பெயரால் இதை அழைக்கிறார்கள். எங்களுக்கு என்றைக்கும் ரம்பப் பல்தான்.

வேகத்தை மாற்றினால் பல்லும் மாறும். மெதுவாக இழுத்தால் ஆழமாக, நெருக்கமாக விழும். வேகம் கூடக் கூட ஆழம் குறைந்து தள்ளித் தள்ளி விழும். எக்ஸ்டென்சோமீட்டரையும் கவனியுங்கள். பட்டை அதன் இரு கத்தி முனைகளுக்கு நடுவே விழுந்தால் அளவு படியேறும். வெளியே விழுந்தால் அளவு சற்றே பின்வாங்கும். அதைக் கருவிக் கோளாறு என்று நினைத்துப் புதியவர்கள் கழற்றி மாட்டுகிறார்கள்.

கணினி வந்த பிறகு நான் செய்த தப்பு இதைவிடப் பெரியது. கோடு அழகாக இருக்கட்டும் என்று மென்மையாக்கும் ஃபில்டரைப் போட்டு அறிக்கை கொடுத்தேன். அந்தத் தகட்டில் பிரஸ் அடித்த மூடிகள் மேலெல்லாம் வரிவரியாக வந்தன. மைல்டு ஸ்டீல் தகட்டில் வரும் வரியை, உருளையில் ஒரு லேசான ஸ்கின் பாஸ் கொடுத்துச் சில மாதங்களாவது தள்ளிப்போடலாம். இந்த ரம்பப் பல் வரி அதற்கு அடங்காது. அழுத்த அழுத்தப் புதிதாகக் கிளம்பும். நான் மறைத்த பற்களைப் பார்த்திருந்தால், வெளியே தெரியும் பாகத்துக்கு மூடி அடித்தவர்கள் வேறு தகடு எடுத்திருப்பார்கள்.

அதன்பிறகு ஃபில்டர் போடாத கோட்டைத்தான் இணைக்கிறேன், இழுத்த வேகத்தை ஓரத்தில் எழுதி.